கையெழுத்து வாங்கப் போன கம்பம் பயணம்

கம்பத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை, அனுப்பினார்கள், போனேன். தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அண்ணன், போன மாதம் மதுரைக்கு எனக்குப் போன் செய்தார். அப்பா எங்கள் மூன்று பேர் பெயரிலும் விட்டுப்போன கம்பம் வீட்டை ஒரு ஏலக்காய் வியாபாரி குடோனுக்குக் கேட்கிறாராம். அதில் குடியிருக்கும் அக்காவிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, நானும் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் புது ஷோரூமுக்காகத் தேனியில் எங்கள் குடும்பச் சபையில், கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை. அதற்குள் வேலை முடியவேண்டும்.

அக்கா பெயர் கிருபை. குடும்பத்தில் அவளுக்கு இன்னொரு பெயர், பிழைக்கத் தெரியாதவள். மதுரையில் பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ் வேலையை உதறிவிட்டு, மலை மேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களின் கைப்புண்ணுக்கும் கால்புண்ணுக்கும் மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். “அவளுக்கு ஆசீர்வாதம் வேண்டாமாம்” என்பார் அண்ணன். எங்கள் வீட்டில் ஆசீர்வாதத்தைச் சதுர அடியில்தான் அளப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான், பொய் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 10.10-க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து. ஆண்டிபட்டி கணவாய் தாண்டி 12.15-க்குத் தேனி, 75 ரூபாய். அங்கே சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கம்பம் வண்டி, 40 கிலோமீட்டர், 40 ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கேரள மலை கூடவே வரும். உத்தமபாளையம் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். 2.20-க்கு இறங்கி, கம்பம்மெட்டு சாலையில் கால் மணி நேரம் நடந்தால் அக்கா வீடு.

ஐந்து இருபதுக்கு ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கின. பன்னிரண்டு பெண்கள் வந்து முன்னறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கைகளை மடியில் விரித்து வைத்துத் தலைகுனிந்தார்கள். ஒரு சத்தமில்லை. சரி, ஜெபத்தில் ஆரம்பிக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பத்துப் பேர் கூடினால் வேறென்ன நடக்கும்? முந்தானையால் முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏய் ஸ்டெல்லா, கண்ணத் தொற. அந்தச் சட்டியப் பிடி” என்றாள் அக்கா.

பெண்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பாவம், அவர்கள் குனிந்திருந்தது களைப்பில். முக்காட்டை இழுத்துவிட்டு வெந்நீர்ச் சட்டியைப் பிடித்தேன். கோம்பையிலிருந்து வரும் பாண்டியம்மாள் அதில் கையை வைத்தார். பூச்சிமருந்து அடித்த செடியில் கையுறை இல்லாமல் காய் பறித்த கை. தோல் வெடித்து, விரல் மடங்கவில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் அதற்காக வெட்கமாக இருந்தது.

“வீட்ட விக்கப் போறாகளாமே, நெசமாத்தா?” பாண்டியம்மாள் என்னைத்தான் கேட்டார். “ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாக் கூலி போயிரும். இங்கன வந்தா மருந்தப் போட்டுட்டு அப்படியே சோறாக்கப் போயிருவோம். நர்ஸக்கா எங்கன போவாக?”

நான் சட்டித் தண்ணீரை மாற்ற எழுந்துவிட்டேன். எல்லோரும் போனபிறகு பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அக்கா சண்டை பிடிப்பாள் என்று வழியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

“அப்ப இவுகல்லாம்?” என்றேன்.

“ஜீப் நிக்கிற எடத்துல ஒரு பெஞ்சு போட்டுக்கிருவேன். மழ வந்தா கொடை இருக்கு. அண்ணனுக்கு வேணும்னா எடுத்துக்கிரட்டும்டி. நான் வீட்டுக்காகவா இங்கன வந்தேன்?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவள் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று தெரிந்துதானே என்னை அனுப்பினார்கள்? இத்தனை வருஷம் நாங்கள் உட்கார்ந்து கேட்ட பிரசங்கத்தை ஒருத்தி செய்து காட்டினால், அவளைத் தெருவில் உட்காரவைப்பதா?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பெண்களோடு ஜீப்பில் மலை மேல் கம்பம்மெட்டு வரைக்கும் போனேன். பதினான்கு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், 60 ரூபாய். வளைவுகளில் குடல் வாய்க்கு வரும். வெறும் வயிற்றோடு ஏறுங்கள். ஓட்டுநர் முருகேசன் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “குடோன் வந்தா எனக்கு லோடு கெடைக்கும்க்கா. ஆனா எம் பொண்டாட்டி கை அந்த வீட்லதான் ஆறுச்சு. நீங்க கையெழுத்துப் போட்டுறாதீக.”

மதியமே தேனி திரும்பிவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. எங்கள் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். ஒருவர் புதுக் காரைச் சொன்னார், ஒருவர் மகனின் கனடா விசாவை. அண்ணன் ஷோரூமைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சபை ஒரே குரலில் “ஸ்தோத்திரம்!” என்றது. நான் எழுந்தேன்.

“கம்பத்துல எங்கக்கா, தோட்டத்து வேலைக்குப் போற பொம்பளைக கையக் கழுவி மருந்து போடுறாக. அந்த வீட்ட விக்க எங்கிட்டயும் கையெழுத்துக் கேட்டிருக்காக. அதுல எம் பங்கும் இருக்கு. நான் போடமாட்டேன்.”

பழக்கதோஷம், சபை முழுக்க “ஸ்தோத்திரம்!” என்றது. போதகரும் சொல்லிவிட்டார். அண்ணன் மட்டும் சொல்லவில்லை.

வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “கர்த்தர் குடுக்கறத வேணாங்கிறியா?”

“கம்பத்து வீடும் அவர் குடுத்ததுதாண்ணே” என்றேன்.  

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வேலைநாளில் போங்கள், ஞாயிறு ஜீப் குறைவு. மழைக்காலத்தில் மெட்டில் பனி மூடி எதிரே வரும் வண்டி தெரியாது. அந்தப் பெண்களின் கையைப் படமெடுத்துப் போடாதீர்கள். உதவ நினைத்தால் ரப்பர் கையுறையும் சுத்தமான பருத்தித் துணியும் கொண்டுபோங்கள். பழைய பட்டுச்சேலையைக் கொடுத்துப் புண்ணியம் தேடவேண்டாம். அதோடு, உங்கள் வீட்டிலும் பிழைக்கத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், ஒருநாள் மாலை அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் சிரிக்க வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு எனக்கு அழைப்பு இல்லை என்று அண்ணி சொல்லியனுப்பினார். பரவாயில்லை. இருபத்து நான்காம் தேதியும் தோட்டத்தில் வேலை உண்டு, ஜீப் இறங்கும் முன்னே வெந்நீர் போட ஆள் வேண்டும், நாலு மணிக்கே வந்துவிடு என்று அக்கா சொல்லிவிட்டாள்.