இரத்தத்துக்குள் பூஞ்சணம்

சிறுவர் வார்டில் வேலை செய்யும் தாதிக்குக் காய்ச்சல் என்பது பஸ் மாதிரி. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். மாத்தளை மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். பிள்ளையின் கட்டிலோரம் உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

லேபிலிருந்து வந்த போன்

லதுஷனுக்கு எட்டு மாதம். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதால் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். வாயால் எதுவும் கொடுக்க முடியாது. கழுத்துப் பக்கம் பெரிய இரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூப் ஒன்றைப் போட்டு, சாப்பாடு, மருந்து எல்லாம் அது வழியாகத்தான். வெட்டின இடம் நன்றாக ஆறியது. காய்ச்சல் மட்டும் விடவில்லை. பலமான அன்டிபயோட்டிக் கொடுத்தோம், இன்னும் கூடியது. இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டு நேரம் போன் வந்தது. பக்டீரியா இல்லை, ஈஸ்ட் என்கிற பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது என்றார்கள். பிள்ளைகளின் நாக்கில் அது வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருக்கிறேன். இரத்தத்திலும் ஓடும் என்று படித்திருந்தேன். ஆனாலும் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தகப்பன் யோகராஜாவுக்குப் பலாபத்வலயில் ஒரு பேக்கரியில் வேலை. டொக்டர் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். ‘ஈஸ்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் யோகராஜா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“அதைப் போட்டுத்தான் மிஸ் நான் தினம் மா பிசையிறேன்.”

டியூபைப் பிடித்துக்கொண்ட தாய்

பாணுக்குப் போடும் ஈஸ்ட் வேறு, இது வேறு என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். இது எல்லார் தோலிலும் குடலிலும் சும்மா இருப்பது. அன்டிபயோட்டிக் மற்றக் கிருமிகளை அழித்துவிட்டால் இதற்கு இடம் கிடைத்துவிடும். குடலில் வெட்டு இருந்தால், உடம்பில் டியூப் இருந்தால், இரத்தத்துக்குள் வழியும் கிடைத்துவிடும். யோகராஜா தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து வார்டு வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை. எத்தனை தரம் கூப்பிட்டாலும் அங்கிருந்தே தன் கைகளைக் காட்டுவார்.

பூஞ்சண மருந்தைத் தொடங்கினோம். அந்த டியூபையும் கழற்ற வேண்டும் என்றார் டொக்டர். பூஞ்சணம் டியூபின் உள்பக்கம் படிந்துவிட்டால் மருந்துக்கு எளிதில் அசையாது. தாய் பவானி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். டியூபைப் போட நரம்பு கிடைக்க நாங்கள் பட்ட பாட்டை வெளியே நின்று கேட்டவள். நான் கழற்றப் போனபோது டியூபின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“இதுலதானே மிஸ் அவனுக்குச் சாப்பாடு போகுது. இதுக்குள்ளயா அது குடியிருக்கு?”

நாவுலப் பிள்ளை

பக்கத்துக் கட்டிலில் சஹ்ரா. நான்கு வயது, நாவுலப் பக்கம். கொதிதண்ணீர்க் கேத்தல் கவிழ்ந்து நெஞ்சும் வயிறும் வெந்திருந்தன. கிரீம் பிஸ்கட் கொடுத்தால் நடுவில் உள்ளதை மட்டும் நக்கிவிட்டு, பிஸ்கட்டை எனக்குத் திருப்பித் தருவாள். புண் சிவந்து, சுத்தமாக, ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. அதை அவளுடைய வாப்பாவுக்குக் காட்டிச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் காலையில் கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. கைகால் சில்லிட்டிருந்தது, பிரஷர் இறங்கியிருந்தது. லதுஷனைப் பார்த்திருந்ததால் டொக்டர் லேப் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. இரத்தத்தை எடுத்துவிட்டு உடனே பூஞ்சண மருந்தையும் ஏற்றச் சொன்னார். ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனோம். பின்னேரம் மூச்சு நின்று பிள்ளை மௌத்தாகிவிட்டது. லேப் முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. அதே ஈஸ்ட்.

வாப்பா யாரையும் ஏசவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“புண் ஆறிட்டு வருதுன்னு நேத்துத்தானே மிஸ் சொன்னீங்க?”

கைகள்

ஒரே அறையில் இரண்டு பிள்ளைகள் என்றதும் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான குமாரி அக்கா வந்தார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். கிருமி வளர்க்கும் தட்டுகளைக் கொண்டுவந்து, டொக்டர், தாதி, கூட்டித் துடைப்பவர் என்று பாக்கியில்லாமல் எல்லாருடைய விரல்களையும் அதில் பதியவைத்தார். சிலர் சிரித்துக்கொண்டே பதித்தோம்.

சில நாள் கழித்து அந்தத் தட்டுகளை மேசையில் பரப்பினார். சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஈஸ்ட் பொட்டு வளர்ந்திருந்தது. தட்டுகளில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. சஹ்ராவின் தலையைப் பின்னிவிட்ட விரல்கள் என்னுடையவை. ஒரு தாதி, எது யாருடையது என்று கேட்டாள். குமாரி அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“யாரோட கைன்னு கேக்காதீங்க. உங்க கைன்னே நெனச்சுக்கிட்டுப் போங்க.”

கண்

டியூபைக் கழற்றிய பிறகு லதுஷனின் காய்ச்சல் இறங்கியது. திரும்பத் திரும்ப எடுத்த இரத்தத்திலும் ஒன்றும் வளரவில்லை. இருதயத்தை ஸ்கேன் பண்ணினார்கள். அப்புறம் கண் டொக்டர் வந்தார். காய்ச்சலுக்கு எதற்குக் கண் என்று பவானி பயந்துபோனாள். இந்தப் பூஞ்சணம் கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும், பார்வையே போகலாம் என்று சொன்னேன். அவள் பிள்ளையின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், கண் டொக்டர் லைட் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணும் சுத்தம்.

வீட்டுக்குப் போகிற அன்று டொக்டரே வாசலுக்குப் போய், யோகராஜாவைக் கையைக் கழுவவைத்து, தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அவர் பயந்து பயந்து பிள்ளையைத் தூக்கினார். லதுஷன் தகப்பன் முகத்தை உற்றுப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், வீறிட்டு அழுதுகொண்டு என் பக்கம் கையை நீட்டினான். பவானிதான் சொன்னாள்.

“கண்ணு நல்லாத் தெரியுது மிஸ். ஆளைத்தான் தெரியல.”

ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி, இன்னொரு பிள்ளை கிடந்த கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, அடுத்த காய்ச்சலைப் பார்க்க ஓடுகிற இந்த உத்தியோகத்தில் எல்லாவற்றுக்கும் லீவு உண்டு, திடுக்கிட்டு நிற்பதற்கு மட்டும் இல்லை.