அடுத்த மாதத்துக்கு நகர்ந்த அட்டை

அந்தக் குடும்ப மருத்துவ நிலையத்தில் அவளுக்கு டிராயர் அக்கா என்று பெயர். பதினாறு வருடமாக வரவேற்பு மேசைக்குப் பின்னால் உள்ள இரும்பு டிராயர் அவள் பொறுப்பு. கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு முறை வந்த பெண்களின் அட்டைகள் அதில் மாதவாரியாக நிற்கும். வராதவர்களுக்கு மஞ்சள் கிளிப். மறுபடியும் வராவிட்டால் சிவப்பு. சிவப்பு மாட்டியவர்களைப் போனில் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிட்டால் எரிந்து விழுகிறவர்களும் வந்து சேர்வார்கள்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. அவளுடைய அட்டையும் அங்கேதான் நின்றது. மாதக் கடைசியில் அதை எடுத்து அடுத்த மாதத்தில் செருகிவிடுவாள். கிளிப் மாட்டியதே இல்லை. முதலில் வெட்கம். தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முன்னால் எப்படிப் படுப்பது? வேறு இடத்துக்குப் போனாலும் முடிவு இந்த மேசைக்குத்தான் வரும். இரண்டு மாதமாக வெட்கத்தின் இடத்தில் பயம். மாதவிடாய் நின்று நான்கு வருடம் கழித்து உள்ளாடையில் கறை. வீட்டுக்காரரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

காய்ச்சலில் மூன்று நாள் அவள் வராதபோது நர்ஸ் டிராயரைத் திறந்தாள். நான்காம் நாள் வீட்டுப் போன் அடித்தது.

"அக்கா, அஞ்சு நிமிஷ வேலைதான். வந்துட்டுப் போயிடுங்க."

"என் வசனத்தை எனக்கே திருப்பிப் போடுறியா?"

"வேற வசனம் யாரு சொல்லிக் குடுத்தா? உங்க அட்டை ஓரமெல்லாம் நைஞ்சு கிடக்கு. எத்தனை மாசம் தள்ளினீங்க?"

தப்பிக்க வழியில்லை. தானே துணி தேர்ந்தெடுத்த திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். நர்ஸ் தலை நிமிராமல் படிவத்தில் இருந்ததைக் கேட்டாள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டதா? எந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு அத்துப்படி. இல்லை என்றாள்.

முடிவுகள் வியாழக்கிழமை வரும். உறைகளைப் பிரிப்பதும் அவள் வேலைதான். நான் பிரிக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு வேண்டாமென்றுவிட்டாள். பதினான்கு உறைகளில் அவளுடையது ஒன்பதாவது. முதல் எட்டையும் வரிசையாகப் பிரித்துப் பதிந்த பிறகே அதைத் தொட்டாள்.

கோளாறு எதுவும் இல்லை.

மற்றவர்களுக்கு அனுப்புகிற கடிதத்தையே தனக்கும் எடுத்தாள். முடிவு நன்றாக இருந்தாலும், ரத்தக் கசிவு இருந்தால் காத்திருக்காமல் வரவும் என்பது அதன் கடைசி வரி. 'நன்றாக' என்பதோடு பெண்கள் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்று டாக்டரிடம் வாதாடி அந்த வரியைச் சேர்க்க வைத்தவளே அவள்தான்.

அடுத்த பரிசோதனைக்காக ஐந்து வருடம் தள்ளிச் செருக வேண்டிய அட்டை அது. டிராயரை இழுத்தாள்; மூடினாள்.

"நல்லாத்தானே வந்திருக்கு? அப்புறம் ஏங்க்கா அட்டையக் கையிலயே வெச்சிருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

"அன்னைக்கு ஒரு கேள்விக்கு இல்லன்னு சொன்னேன். அத மறுபடி கேளு."

நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.