பன்னிரண்டாவது சீட்டு

பேத்தி மாலு ஒன்பது நாளாகக் கம்ப்யூட்டரில் ஒரு புதையல் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். நேற்று முப்பத்தாறாவது கதவு கிறீச்சென்று திறந்தது. உள்ளே ஒரு பொற்பெட்டி, ஒரு வாழ்த்து வரி.

"இவ்வளவுதானா? கஷ்டம் தாத்தா! அங்க ஒருத்தருமே இல்லை" என்றாள்.

அதே சத்தம்தான் எங்கள் வலியசாலை வீட்டில் மளிகைச் சாமான் வைக்கும் உக்கிராணக் கதவுக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணா வீடு முழுக்கப் பன்னிரண்டு சீட்டுகளை ஒளித்துவைப்பான். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒன்று, அப்பாவின் குடைக்குள் ஒன்று. ஒவ்வொன்றிலும் அடுத்ததற்குக் குறிப்பு இருக்கும். பன்னிரண்டாவது மட்டும் எப்போதும் உக்கிராணத்துக்கே அனுப்பும். அரிசி மணக்கும் அந்த இருட்டில், கதவுக்குப் பின்னால் அண்ணாவே நிற்பான். "மண்டு, இத்தனை நாழியாடா?" என்று என்னைத் தூக்கிச் சுற்றுவான். வேறு பரிசு கிடையாது.

கடைசி முறை ஆடியபோது கதவுக்குப் பின்னால் அம்மா நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணா எங்கேம்மா?"

"வேலை தேடி பம்பாய்க்குப் போயிட்டாண்டா. நீ அழுதா கால் எழும்பாதுன்னுதான் சீட்டு வெச்சுட்டுப் போனான்."

நான் ஒரு சீட்டைக்கூட விடாமல் தேடியிருந்தேன். அதற்குள் ரயில் போய்விட்டது. பிறகு மூன்று கடிதங்கள் வந்தன. நான்காவதற்காக ஐம்பத்தெட்டு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

"கதவுக்குப் பின்னால பாத்தயாடி?" என்று மாலுவிடம் கேட்டேன்.

"அங்க போக முடியாது தாத்தா. கேம் முடிஞ்சாச்சு."

"இன்னொரு தரம் பாரேன்" என்றேன்.