ஆன்ட்டி கடை மோர்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. “சாப்பாடு கொண்டுவர்ற கம்பெனி, ஆனா இவ கொண்டுவர மாட்டா” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆபரேஷன்ஸ், ஸ்ட்ராட்டஜி என்று என் அட்டையில் போட்டிருப்பதற்கு எனக்கே நேரான தமிழ் கிடையாது. எங்கே தாமதமாகிறது, யாரால் தாமதமாகிறது என்று கண்டுபிடித்து அதை வெட்டுவது, அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் ஆள் சேர்ந்துகொண்டிருந்த கம்பெனியில் அதற்கு நல்ல மரியாதை.

எனக்கு அங்கே பெயர் வாங்கிக் கொடுத்தது நான் போட்ட ஓர் அளவுகோல். சாப்பாடு எடுக்க வரும் ரைடர் கடைக்கு வந்ததும் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார், கிளம்பும்போது இன்னொன்று. இடைப்பட்ட நேரம் முழுவதும் கடையின் மந்தம் என்று வைத்தேன். மந்தமான கடையை எங்கள் ஆப் பட்டியலில் கீழே தள்ளிவிடும். கீழே போன கடையை யாரும் தேடிப் போவதில்லை.

ஒருநாள் கூட்டத்தில் சிங்கப்பூர் வரைபடத்தைப் போட்டபோது, மந்தமான கடைகளைக் காட்டும் சிவப்பில் லிட்டில் இந்தியா மட்டும் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு வேகம் என்பதே வராது போல என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அறையில் இருந்த ஒரே தமிழச்சி நான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சிவப்பில் ஆன்ட்டியின் கடையும் இருந்தது. அம்மாவின் செபக்குழுத் தோழி. அங்கிள் இறந்தபின் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். ஆப் ஆர்டர்கள் பாதிக்கு மேல் நின்றுபோய்விட்டன, இப்படியே போனால் கடையை விட வேண்டியதுதான் என்று ஞாயிற்றுப் பூசை முடிந்து அம்மாவிடம் அழுதிருக்கிறார். அம்மா என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததிலேயே விளங்கிவிட்டது. பொட்டலங்கள் நேரத்துக்குத் தயாராகி மேசையில் காத்திருந்தன. தாமதம் மோரால். வாசலில் ஒரு பெஞ்சு, பக்கத்தில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர். வெயிலில் வருகிற ரைடர் யாராக இருந்தாலும் அதைக் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அது ஆன்ட்டியின் சட்டம். மலாய்க்காரரும் சீனப் பெரியவரும்கூட ‘மோர்’ என்று தமிழிலேயே கேட்டு வாங்கினார்கள். குடித்து முடித்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் இரண்டாவது பொத்தான்.

தப்பு கடையில் இல்லை, என் அளவுகோலில். சாப்பாடு தயாரானதும் கடையின் கணக்கை நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாளே மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். அவர் கோபக்காரர்கூட இல்லை. ஆனால் எனக்குப் பதவி உயர்வு தருவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதற்குக் காரணமே அந்த அளவுகோல்தான். போதாததற்கு, அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று மோர் என்றால் என்னவென்று விளக்க வேண்டுமே என்ற கூச்சம் வேறு. இரண்டில் எது பெரிய காரணம் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. இரண்டுமே கேவலம்தான்.

அதனால் சுலபமான வழியைச் சொன்னேன்.

“ஆன்ட்டி, மோர் கொடுக்கிறத நிறுத்திடுங்க. வந்தாங்களா, எடுத்தாங்களா, போய்டணும். அப்பதான் ஆப்ல மேல வருவீங்க.”

“வெயில்ல வர்றவங்கம்மா” என்றார். பிறகு அவரே, “நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் லா” என்றார்.

பெஞ்சு உள்ளே போனது. ஆர்டர்கள் திரும்பி வந்தன. அதோடு நான் விட்டிருக்கலாம். ஆன்ட்டி கடையை உதாரணமாகக் காட்டி ஆபீசில் பேசினேன், பக்கத்துத் தெருக் கடைகளுக்கும் அதே அறிவுரை போனது. கைதட்டினார்கள். வரைபடம் பச்சையானது, பதவி உயர்வும் வந்தது. பிறகு ஒரு மதியம் அந்தச் சந்து வழியாகப் போனபோது, ரைடர்கள் வாசலுக்கு வெளியே வெயிலில் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.  நான் நிற்காமல் நடந்துவிட்டேன்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போயிருந்தோம். தொடங்குமுன், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசிப்பார்கள்: இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, நோயாளிகளுக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக. கடைசியில் என் பெயர் வந்தது. தன் கடையைக் காப்பாற்றிக் கொடுத்த மகளுக்காக ஆன்ட்டி ஒப்புக்கொடுக்கும் நன்றித் திருப்பலி. முன்வரிசையிலிருந்து ஆன்ட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மா என் கையைப் பெருமையோடு அழுத்தினார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நேரம் வந்ததும் எங்கள் வரிசை எழுந்தது. அம்மா முழங்கையால் இடித்தார். நான் காலை ஒடுக்கி அவருக்கு வழிவிட்டேன். வாங்காமல் உட்கார்ந்திருப்பவர் மனசில் பாவம் இருக்கிறது என்பது எங்கள் கோயிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நன்மை வாங்கிக் கைகூப்பித் திரும்பிய ஆன்ட்டி, நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சலாம்மா? ரொம்ப வேலை வாங்குறாங்களா?”

“ஆமா ஆன்ட்டி” என்றேன்.