அண்ணாச்சி கொண்டுவந்த ஆர்கிட்

நர்சரி வச்சிருக்கிறவுக எல்லாரும் இதை ஒத்துக்கிடுவீக: நம்மகிட்ட வாங்கும்போது சனங்க பூவைப் பாத்து வாங்குறாங்க, திட்ட வரும்போது மட்டும் வேரைத் தூக்கிட்டு வர்றாங்க. திருத்தங்கல் தாண்டி ரோட்டு மேல பதினோரு வருசம் கடை போட்டிருந்தவ நான். செம்பருத்தி, குரோட்டன்ஸ், ஒட்டு மாங்கன்னு எதுக்கும் பயந்ததில்ல. ஆர்கிட்டை மட்டும் கடைப் பக்கமே அண்ட விட்டதில்ல. நம்ம ஊரு வெயிலுக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். ஆளாளுக்கு செல்போன் வாங்க ஆரம்பிச்ச காலத்துல, அப்படி ஒண்ணு என் தலையில வந்து விழுந்துச்சு.

பளபளன்னு ஒரு தொட்டி

மாசி மாசம் ஒரு காலையில காலண்டர் பிரஸ் அண்ணாச்சி கார்ல வந்து இறங்குனாரு. டிரைவர் கையில குடுக்காம, தொட்டியைத் தானே மடியில வச்சுக் கொண்டாந்திருந்தாரு. தண்டுல நாலு பூவும் ரெண்டு மொட்டும். ஆனா இலையெல்லாம் சுருங்கித் தொங்கிப்போச்சு. தொட்டியைச் சுத்தி லாமினேஷன் ஷீட்டு, அதுல பாதி லட்சுமி, பாதி மயிலு. பிரஸ்ல கழிச்சுப் போட்டதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. அடியிலயும் மடிச்சு, சொட்டுத் தண்ணி வெளிய போகாதபடி டேப்பு ஒட்டியிருந்துச்சு.

ஷீட்டைக் கிழிச்சேன். கருப்பாத் தண்ணி என் கால்ல கொட்டுச்சு. அப்பப்பா, என்னா நாத்தம்! "தினமும் தண்ணி ஊத்துனீகளா?"ன்னு கேட்டேன். காலையில சாமி கும்பிட்டதும் ஒரு சொம்பாம். "யாரு சுத்துனது இதை?"ன்னா, "வீட்டுல"ன்னாரு. அந்த மடிப்பைப் பாத்தா காலண்டர் பண்டில் கட்டிப் பழகுன கை மாதிரி இருந்துச்சு. எனக்கு வந்த கோவத்துல, "வேருக்கு மூச்சு முட்டிப்போச்சு அண்ணாச்சி, கொன்னுட்டீகளே!"ன்னு கத்திட்டேன். கோவப்படுவாருன்னு பாத்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"அழகா இருக்கட்டும்னுதாம்மா சுத்துனது. வேரு மூச்சு விடும்னு யாரு கண்டா?"

மாரியம்மா புறங்கை

என் கடையில வேலை பாத்த மாரியம்மா ஆனைக்குட்டத்துக்காரி. பத்து வருசம் பட்டாசுக் கம்பெனியில திரி காயப்போட்டவ. மருந்து நெடி மூச்சுக்கு ஒத்துக்கலைன்னு என்கிட்ட வந்துட்டா.

அவளும் நானுமா வேரைக் கழுவுனோம். தொட்டா தோலு உருவிக்கிட்டு வந்துச்சு, உள்ள நூலு மட்டும் மிச்சம். பிளேடைத் தீயில காட்டி, கொழகொழன்னு இருந்ததை எல்லாம் வெட்டித் தள்ளுனேன். கெட்டியா மிஞ்சுனது மூணே வேரு. வெட்டுன வாயில அடுப்பங்கரைப் பட்டைத்தூளைத் தொட்டு வச்சுட்டு, உடனே நடப்போனேன். மாரியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஈரத்தோட வச்சா மறுபடியும் அழுகுமாம். காத்தும் படணும், வெயிலும் படக்கூடாதுன்னு அவளே இடம் பாத்து வச்சா. போறப்ப வர்றப்ப எல்லாம் புறங்கையால தொட்டுப் பாத்தா. மறுநாள் சாயங்காலம்தான் உத்தரவு குடுத்தா. ஓட்டைத் தொட்டியில அடுப்புக்கரித் துண்டும் தேங்காமட்டையும் போட்டு உக்கார வச்சோம். அன்னைலருந்து அவ சொல்லாம சொட்டுத் தண்ணி ஊத்த முதலாளி எனக்கே அனுமதி இல்ல.

"உள்ளங்கை பொய் சொல்லும்க்கா. பொறங்கைக்குத்தான் ஈரம் தெரியும். திரி காயப்போட்டவகிட்ட வந்து பேசாதீக."

பூவை வெட்டுன அன்னைக்கு

நட்டதுக்கு அடுத்த நாளே அண்ணாச்சி வந்துட்டாரு. பூத்தண்டை வெட்டணும்னு சொன்னேன். மூணு வேரை வச்சுக்கிட்டு அது பூவுக்குச் சாப்பாடு போடுமா, தன் உசிரைக் காப்பாத்துமா? அண்ணாச்சிக்கு மூஞ்சி செவந்துபோச்சு. விறுவிறுன்னு காருக்குப் போனாரு. கதவைத் திறந்து, அப்படியே நின்னு, திரும்பி வந்தாரு.

"மறுபடி பூக்குமா?"ன்னு கேட்டாரு. பிழைச்சா பூக்கும், வருசம்கூட ஆகலாம்னேன். பொய் சொல்ல எனக்கு மனசு வரல. அவரே தண்டைப் பிடிச்சுக்கிட்டாரு, நான் வெட்டுனேன். என்னமோ அவர் விரலை வெட்டுன மாதிரி மூஞ்சியில ஒரு சுளிப்பு.

"குப்பையில போட்டுராதம்மா. இங்கன குடு, பிரஸ்ல என் மேசையில வச்சுக்கிடுறேன்."

மதினி போன்

அந்த வாரமே அண்ணாச்சி சம்சாரம் போன் பண்ணாக. அக்கா வீட்டுக்கு அச்சங்குளம் போயிட்டுத் திரும்புனா வீட்டுல செடியைக் காணமாம். "எங்க வீட்டுக்காரக அங்கன ஒரு செடி கொண்டாந்தாகளா?"ன்னு கேக்கும்போதே குரல் உடைஞ்சுபோச்சு.

விசயம் இதுதான். ஒரே மக செல்வி. பெங்களூர்ல தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிக்கிட்டா. ரெண்டு வருசமா அண்ணாச்சி அந்தப் பேரையே எடுக்கல. இந்தப் பொங்கலுக்கு அவ ஆம்னி பஸ்ல அனுப்பிச்ச செடியாம் இது. அண்ணாச்சி கோவப்படுவாகன்னு பயந்து, மதினி அதைத் தொட்டதுகூட இல்லையாம். அப்ப தண்ணி ஊத்துனது யாரு, ஷீட்டு சுத்துனது யாரு? எனக்குக் கண்ணு நெறைஞ்சுபோச்சு. அந்த மனுசனையா அன்னைக்கு "கொன்னுட்டீகளே"ன்னு கத்துனேன்! செடி பத்திரமா இருக்குன்னு சொன்னதும் மதினி ஓன்னு அழுதுட்டாக.

"தூக்கி எறிஞ்சுட்டாகன்னு நெனச்சு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலம்மா. நான் கேட்டேன்னு மட்டும் அவுககிட்ட சொல்லிராத."

விக்கிறதுக்கு இல்ல

அதுக்கப்புறம் சனிக்கிழமை தவறாம அண்ணாச்சி வருவாரு. ரோசாச்செடி வாங்க வந்தேம்பாரு. ஒன்பது ரோசா வாங்கி பிரஸ் வாசலையே நெறைச்சுட்டாரு. வாங்குனதை ஓரமா வச்சுட்டு நேரா ஆர்கிட்டுகிட்டதான் போவாரு. உப்புத்தண்ணி ஆகாதுன்னு கேட்டதுலருந்து, வீட்டுல குடிக்கிற தண்ணியைக் கேன்ல கொண்டாந்தாரு. மாரியம்மாகிட்டப் பாடம் கேட்டு, அவரும் புறங்கையால கரியைத் தொட்டுப் பாத்து, "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்"னு சரியாச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

சித்திரை வெயில்ல செடிக்கு ரெண்டே இலைதான் மிச்சம். எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு. துளசி வாங்க வந்த டீச்சரம்மா ஒருத்தவுக அதைப் பாத்துட்டு, "கரியையும் ரெண்டு இலையையும் எம்புட்டுக்கு விக்கிறீக?"ன்னு சிரிச்சாக. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா, ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."

பச்சை முனை

வைகாசியில ஒரு சனிக்கிழமை மாரியம்மா போட்ட சத்தத்துல, என்னமோ பாம்புன்னு நெனச்சு ஓடுனேன். இலை அடியில தீக்குச்சித் தலை அளவுக்குப் பச்சையா ஒரு முனை. புது வேரு! பக்கத்துலயே இன்னொண்ணு. நாங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சோம், வெக்கமே இல்லாம.

அண்ணாச்சி வந்ததும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் செல்போனை எடுத்தாரு. எந்தச் சீட்டையும் பாக்காம நம்பரை அமுக்குனாரு. மனப்பாடமா வச்சிருந்திருக்காரு! "செல்வி... அப்பா பேசுறேன்"னாரு. அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை அழுகுறது எனக்கே கேட்டுச்சு. இவரு செடிப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஒரு செருமு செருமிட்டு, எங்க ரெண்டு பேரையும் பாக்காம, அடுத்த பேச்சைப் பேசுனாரு.

"நீ அனுப்புன செடிக்கு எப்பம் தண்ணி ஊத்தணும்னு இங்கன ஒருத்தருக்கும் தெரியலம்மா. மாப்பிள்ளையைக் கூட்டிட்டு நீயே வந்து சொல்லிட்டுப் போ."

பதினோரு வருச வியாபாரத்துல, என் கடைக்குள்ளயே நின்னு எனக்குத் தொழில் தெரியாதுன்னு ஒருத்தர் சொல்ல, ஆமா ஆமான்னு நான் தலையாட்டுனது அன்னைக்கு மட்டும்தான்.