பாவாவின் கைப்பழக்கம்

என்ன வேண்டும் என்று பாவா பிள்ளையைத்தான் கேட்பார். பதில் வரும்போது அவருடைய கண் பெற்றவர் மேல் இருக்கும். தாயின் புருவம் கொஞ்சம் ஏறினால் மைலோ பானத்தில் ஒரு கரண்டி சீனி சேர்த்த டின் பால் குறையும். தகப்பன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காவிட்டால் ஒன்றும் குறையாது. யாரும் ஒரு வார்த்தை பேசாமலே இது நடந்து முடிந்து, தம்ளர் மேசைக்கு வந்துவிடும்.

கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடமாக அவர் பானம் கலக்குகிறார். கடைக்குள் அந்த வேலைக்குத் ‘தண்ணி’ என்று பெயர். ரொட்டிக்கு ரஹ்மத், சோற்றுக்கு முதலாளியின் மைத்துனர், தண்ணிக்குப் பாவா. வயது நாற்பத்தாறு, ஒல்லியான உடம்பு. தேநீரை உயரத் தூக்கி ஆற்றி ஆற்றி வலது தோள் கொஞ்சம் ஏறிவிட்டது. எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் தொங்கும். ஒரே நேரத்தில் ஏழு தம்ளர்களில் ஏழு விதமாகக் கலக்குவார். கலக்கும்போது அவற்றைப் பார்ப்பதே இல்லை. வாசலில் நிறுத்தத் தெரியாமல் நிறுத்தும் காரைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பக்கம் ஒடி, அந்தப் பக்கம் ஒடி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆட்களை அவர் பெயரால் அறிவதில்லை, தண்ணியால் அறிவார். “தே ஓ கோசொங் ரெண்டு நாளா காணோமே, ஒடம்புக்கு முடியலையா?” என்றால், சீனி போடாத வெறுந்தேநீர் குடிக்கும் அஞ்சலகக்காரரை விசாரிக்கிறார் என்று கடைக்குப் பழகிய எல்லோருக்கும் புரியும்.

நானும் என் கணவரும் பதினோரு வருடம் அவருக்குச் ‘சீனி கொறச்சி ரெண்டு’. கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், அலுவலகம் விட்டதும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் முதல் முறையாகத் தனியே போய் உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே இரண்டு தம்ளர்கள் வந்தன. வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எதிர் நாற்காலியைப் பார்த்தார். இரண்டாவது தம்ளரை எடுத்து, என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, சூட்டோடு குடித்து முடித்தார். “கை பழகிப்போச்சு அக்கா” என்றார். அன்றிலிருந்து நாள்தோறும் போகிறேன். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாததால் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன்.

ஐந்து மணிக்கு மேல் கடையில் பிள்ளைகள் அதிகம். தோட்டப் பக்கத்திலிருந்து டியூஷனுக்கு வந்தவர்கள், சமய வகுப்பு முடிந்தவர்கள், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் சும்மா காற்று வாங்க வந்தவர்கள். அந்த நேரத்தில் பெற்றோர்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பது, கண்ணாடிக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் நிற்கும் ‘ஜீரோ’ குளிர்பான டின்கள். உள்ளே சீனி கிடையாது; ஆனால் இனிக்கும்.

புக்கிட் ரோத்தானில் செம்பனைக் குலை லோரி ஓட்டும் புவனேசன், மகனுக்கு இரண்டு டின்களாக எடுத்துக் கொடுப்பார். கடையில் பாவா எல்லோருக்கும் ‘நானா’, அண்ணன். “சீனியே இல்ல நானா. எவ்ளோ குடிச்சாலும் ஒண்ணும் ஆவாது.”

“அவன் பச்சத் தண்ணி குடிச்சு எத்தன நாளு ஆச்சு?”

“அதான் இதுல தண்ணி இருக்கே.”

பாவா அதற்குமேல் பேச மாட்டார். ஆனால் கேட்காமலே ஒரு பெரிய தம்ளர் நிறைய ஐஸ் தண்ணீர் அந்த மேசைக்குப் போகும். அதற்குக் காசு கிடையாது.

ஷாமளாவுக்கு அந்த டின்னைக் கண்ணால் பார்க்கவே ஆகாது. ஈஜோக்கில் பாலர் பள்ளி ஆசிரியை. கைப்பேசியில் வருவதையெல்லாம் கடைசி வரி வரை படிப்பவள். “எல்லாம் கெமிக்கல் நானா. புள்ளைங்க மூளைக்கே போவுதாம். என் புள்ளைக்கு ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்” என்பாள். அதே மூச்சில் மகன் பவனேஷுக்கு மைலோ ஐஸ் சொல்வாள். “பால் மட்டும் கொஞ்சம் தூக்கலா.” பாவா பால் டின்னைத் தம்ளர் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை அவளையே பார்ப்பார். அவள் சொல்வதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

இன்னொரு இளம் தம்பதி வருவார்கள். அந்தக் கணவனுக்குச் சீனியென்றால் பயம், மனைவிக்கு மருந்து இனிப்பென்றால் பயம். ஒரு டின் ஜீரோ வாங்கி, பாதிக்குப் பாதி வெறுந்தண்ணீர் ஊற்றி நடுவில் இருக்கும் குழந்தைக்குக் கொடுப்பார்கள். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். பாவா அந்தத் தம்ளருக்குக் ‘கோர்ட்டு தீர்ப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அவரும் ஷாமளா கட்சிதான். யாராவது பிள்ளைக்கு ஜீரோ கேட்டால், “புள்ளைக்கு எதுக்கு லா பொய் இனிப்பு? நல்ல சிராப் போட்டுத் தர்றேன், குடிக்கட்டும்” என்று டின்னை வாங்கித் திரும்பவும் உள்ளே வைத்துவிடுவார். சிராப் என்பது ரோஜா வாசம் வீசும் சிவப்புச் சர்க்கரைப் பாகு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவரே கடைக்குப் பின்னால் பெரிய அண்டாவில் காய்ச்சுவார். அவருடைய மகள் அஃபிஃபா அப்போது மழலை வகுப்பில் இருந்தாள். பால் கலந்த சிராப்பைக் குடித்துவிட்டு, மேல் உதட்டில் இளஞ்சிவப்பு மீசையோடு மேசை மேசையாகப் போய்க் காட்டுவாள்.

ஆறு வயதில் அவளுக்கு நீரிழிவு என்று தெரிந்தது. பெரியவர்களுக்கு வரும் வகை அன்று. சிறு வயதிலேயே வந்து, ஆயுள் முழுதும் நாளுக்கு நான்கு ஊசி கேட்கும் வகை. சிராப் குடித்ததால் வந்ததில்லை என்று மருத்துவமனையில் பாவாவிடம் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரிடமும் தலையாட்டினார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, சர்க்கரை மூட்டையைப் பிரிக்காமல் அதன்மேல் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். ரஹ்மத்தான் மூட்டையை வாங்கி அண்டாவில் கொட்டியிருக்கிறார்.

பாவா கட்சி மாறியது அப்போதுதான். மற்றப் பிள்ளைகள் கண்ணெதிரில் வண்ண வண்ணமாகக் குடிக்கும்போது தன் பிள்ளை மட்டும் வெறுந்தண்ணீரோடு உட்கார்ந்திருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. தாதியிடம் கேட்டார். எப்போதாவது ஒரு டின் ஜீரோ கொடுக்கலாம் என்றார்கள். அன்றே கடையில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். “பாப்பா கேட்டா ஜீரோ. அழுதா ஜீரோ. கெஞ்சுனா ஜீரோ. வேற எதத் தொட்டாலும் எங்கிட்ட சொல்லணும்.” கல்லாவில் இருப்பவர் முதல் மேசை துடைப்பவர் வரை அதைப் பாடம் செய்தார்கள். அடிக்கடி வருகிற நாங்களும் செய்தோம்.

ஷாமளாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. “நீங்களே இத குடுக்கலாமா நானா? பின்னாடி என்னென்னமோ வரும்ங்கறாங்க.”

“பின்னாடின்னு ஒண்ணு வரட்டும்மா மொதல்ல. அதுக்குத்தானே குடுக்கறேன்.”

அவள் அதற்குப் பிறகு அஃபிஃபா இருக்கும்போது கெமிக்கல் பேச்சை எடுப்பதில்லை.

மருத்துவமனையில் தாதி இரண்டு பாடங்கள் சொல்லிக் கொடுத்திருந்தார். சாதாரண நாளில் சீனி வேண்டாம். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, பிள்ளைக்கு வியர்த்து, கை நடுங்கினால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். பாவா இரண்டையும் ஒப்பிப்பார். வீட்டில் அப்படி இறங்கியபோதெல்லாம் மனைவி ஜஸ்மின் பார்த்துக்கொண்டாள். அதனால் அவருடைய வாய் இரண்டு பாடத்தையும் படித்திருந்தது, கை ஒன்றைத்தான் பழகியிருந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை. பள்ளியில் விளையாட்டு தினத்துக்கு ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்த வாரம். ஜஸ்மின் தொழிற்சாலையில் இருந்தாள். ஷிஃப்ட் ஏழு மணிக்குத்தான் முடியும். சமய வகுப்பு முடிந்து வேனில் வந்து இறங்கிய அஃபிஃபா வழக்கம்போல் சலாம் சொல்லவில்லை. பையைக் கழற்றாமல், தண்ணி மேடைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முக்காட்டின் ஓரம் நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

“என்னம்மா?”

“கை ஆடுது அத்தா.”

பாவா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. இடக்கை குளிர்பெட்டியைத் திறந்தது, வலக்கை டின்னை எடுத்து உடைத்தது, குழல் அவள் வாய்க்குப் போயிற்று. “குடி. குடி தங்கம். முழுசாக் குடி.” பையிலிருந்து இரத்தம் பார்க்கும் சிறு கருவியை எடுத்து அவரே அவள் விரலில் குத்தினார். இரண்டு புள்ளி ஒன்பது. நான்கிற்குக் கீழே போகவே கூடாது என்பது எனக்குக்கூடத் தெரியும். “ஒண்ணுமில்ல, ஏறிடும், குடி” என்றார். டின் காலியானதும் இன்னொன்றை உடைத்தார்.

ரஹ்மத் ரொட்டிக் கல்லை விட்டு வந்து நின்றார். ஷாமளா எழுந்து நின்றாள். நான் என் மேசையில் இருந்தேன். அத்தனை பேரும் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போயிற்று. பிள்ளையின் உதடு வெளுத்தது. தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது. கல்லில் ரொட்டி கருகும் வாடை வந்தது. பாவா அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, “குடிம்மா, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அஃபிஃபா குழலைத் துப்பினாள். தூக்கத்தில் பேசுவதுபோல் சொன்னாள்.

“அத்தா, இது ஜீரோ.”

அவர் டின்னைத் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் ஒரு கடிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு சிராப் போத்தலை நோக்கிப் பாய்ந்தார். அவர் மூடியோடு போராடிக்கொண்டிருந்தபோதே, ஷாமளா மகன் கையிலிருந்த மைலோவைப் பிடுங்கிக்கொண்டு வந்து பிள்ளையின் வாயில் வைத்துவிட்டாள். முதல் இரண்டு வாய் அதிலிருந்துதான் போயிற்று. அதன் பிறகு சிராப். ஐஸ் இல்லை, தண்ணீரும் பேருக்குத்தான், கெட்டிச் சிவப்பு. ஒரு கையால் பிள்ளையின் பிடரியைத் தாங்கிக்கொண்டு, அவள் விழுங்குவதை ஒவ்வொரு மிடறாகப் பார்த்தார். அவள் விழுங்கும்போதெல்லாம் அவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது.

திரும்பப் பார்க்கக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரஹ்மத் கருகிய ரொட்டியைச் சுரண்டி எடுத்தார். பவனேஷ் வெறுங்கையோடு நின்று, “பாப்பா செத்துடுவாளா?” என்று கேட்டு அம்மாவிடம் ஓர் அடி வாங்கினான். அடித்தவள் அவனையே இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

திரும்பக் குத்திப் பார்த்தபோது ஐந்து புள்ளி இரண்டு. அஃபிஃபாவுக்கு முகத்தில் நிறம் வந்திருந்தது. என் பையிலிருந்த பிஸ்கெட்டில் இரண்டைச் சாப்பிட்டாள். அவளுக்கு இப்போது எட்டு வயது. இரண்டு வருடம் கழித்துத் தன் நாக்குக்குக் கிடைத்ததை உதட்டில் தேடித் தேடி நக்கினாள். கடையையே ஆட்டிவைத்துவிட்டு அவள் மட்டும் சந்தோஷமாக இருந்தாள்.

“அத்தா, நாளைக்கும் கொறைஞ்சா இது தருவீங்களா?”

“தருவேன்.”

“ஜீரோ இல்லதானே?”

“இல்லம்மா.”

“இந்தக் கிளாஸ் ஃபுல்லாவா?”

“ஃபுல்லா.”

“அப்ப நாளைக்கும் கொறையட்டும் அத்தா” என்றாள்.

ஷாமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரஹ்மத் சிரிக்கப் போனவர் பாவாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாசல் மேசைக்கு லோரிக்காரர்கள் நான்கு பேர் வந்து உட்கார்ந்து, “நானா, தே தாரிக் நாலு” என்று குரல் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ரஹ்மத் அடுப்பைத் தாண்டிப் போய்த் தேநீர்க் குவளையைத் தூக்கினார்.

பாவா மகளுக்கு எதிரில் சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய விரல் நுனியில் ஒரு துண்டுப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். குத்திய இடத்தில் இரத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவள் அதைச் சொல்லியும் பார்த்தாள். அவர் பஞ்சை எடுக்கவில்லை.