ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஹெலிகாப்டர்

வாரத்தில் ஆறு நாள் நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். இதை முதல்முறை கேட்கிறவர்கள் நம்புவதா வேண்டாமா என்று என் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் ஆமாம் என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலில் பெருமை எதுவும் இருக்காது.

எல்லாம் என் மகளின் கம்ப்யூட்டரால் வந்தது. கட்டட வரைபடம் போடும் படிப்புக்காக வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் அது. வேலை கிடைத்து அவள் பெங்களூர் போனபோது, கம்பெனியிலேயே லேப்டாப் கொடுத்துவிட்டதால் இதை எங்களிடம் விட்டுவிட்டாள். சும்மா கிடக்கிறதே என்று பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் பஸ் ஓட்டுகிறவனை மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "ஏங்க, டபுள் டூட்டிங்களா?" என்று கேட்டாள். எனக்கும் அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. ரோட்டில் மாடு இல்லை, குறுக்கே வரும் மொபெட் இல்லை, படிக்கட்டில் தொங்குகிறவன் இல்லை. அப்படிப்பட்ட ரோட்டுக்கு டிரைவர் எதற்கு என்று கோபம்தான் வந்தது.

வேறு விளையாட்டைத் தேடப்போன இடத்தில்தான் ஹெலிகாப்டர் கிடைத்தது. இதை விளையாட்டு என்று சொன்னால் எங்கள் குழுவில் கோபித்துக்கொள்வார்கள். சிமுலேட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். என்ஜினைக் கிளப்பவே இருபது சுவிட்சைச் சரியான வரிசையில் போட வேண்டும். வலது கை ஒன்று செய்ய, இடது கை வேறொன்று செய்ய, இரண்டு காலும் தனித்தனியாக வேலை பார்க்க வேண்டும். நான் டிரைவர் என்பதால் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் மாதம் முழுக்க தரையை விட்டுக் கிளம்பி, பம்பரமாகச் சுற்றி, தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தேன்.

சாமான்களை நானே சேர்த்தேன். தூக்கவும் இறக்கவும் இடது கையில் பிடிக்கும் நெம்புகோலை, பழைய கார் ஒன்றின் ஹேண்ட்பிரேக்கில் இருந்து செய்தேன். கால் மிதியைத் துருப்பிடித்த தையல் மெஷின் மிதியை வைத்து நல்லம்பள்ளி வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். சீட்டுதான் விசேஷம். காயலான் கடையில் கிடந்த அசல் பஸ் டிரைவர் சீட் அது. உட்கார்ந்தால் இடுப்பு வலி உட்பட எல்லாம் டூட்டியில் இருப்பது போலவே இருந்தது.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள், அவரவர் வீட்டில் இருந்தபடியே மைக்கில் பேசிக்கொண்டு ஒரே வானத்தில் பறப்போம். தலைவர் சேலத்தில் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவர்கள் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் குறையை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் தீர்த்துக்கொள்வார். பறக்கும்போது யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவர் ஒண்ணு, நான் மூணு. அவர் என்ன உத்தரவு சொன்னாலும் வெறுமனே "சரிங்க" என்று சொல்லக் கூடாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் காதில் விழாவிட்டாலும் மரியாதைக்குச் "சரிங்க" போடுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் மனைவி "வரும்போது கால் கிலோ புளி வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் என்னை அறியாமல் "வரும்போது கால் கிலோ புளி" என்றேன். இருபத்து நாலு வருஷமாக "ம்" மட்டும் கேட்டுப் பழகியவள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

குழுவில் முழு பைலட் ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. மலைக்கு நடுவில் பச்சைப் புகை போட்டிருக்கும் இடத்தில் இறங்கி, அங்கே மாட்டிக்கொண்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, நாற்பது விநாடிக்குள் கிளம்ப வேண்டும். சிப்பாய்களாக நிற்பதும் எங்கள் குழு ஆட்கள்தான். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் ஹெலிகாப்டரை வாங்கிக்கொண்டு, கீழே எண்ணெய் லாரி ஓட்ட விட்டுவிடுவார்கள். அப்புறம் ஆறு நாள் பஸ், ஏழாவது நாள் லாரி. நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தரையை விட்டு எழும்பியவன் நான். மறுபடியும் டயரில் உட்கார வைத்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

முதல் பரீட்சையில் அவசரப்பட்டு நேர் செங்குத்தாக இறக்கினேன். அப்படி இறக்கினால் ஹெலிகாப்டர் தான் கிளப்பிய காற்றிலேயே தான் மாட்டிக்கொண்டு கல்லாக விழும். விழுந்தது. இரண்டாவதில் அழகாக, பூப்போல இறக்கினேன். ஆனால் புகையைத் தாண்டி ஐம்பது மீட்டர் தள்ளி. சிப்பாயாக நின்றவர் தருமபுரி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். ஓடி வந்தார், பாதி வழியில் எதிரி சுட்டுவிட்டான். "டிரைவரே, ஓட வுட்டு கொன்னுட்டீங்களே" என்று மைக்கில் மூச்சு வாங்கினார். இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

எவ்வளவு பழகியும் அந்த ஐம்பது மீட்டர் போகவில்லை. புகையைக் குறி வைத்துத்தான் வருவேன், இறங்கிப் பார்த்தால் தாண்டியிருப்பேன். என்ன கோளாறு என்று கண்டுபிடித்தது என் கண்டக்டர். பதினொரு வருஷமாக என் பஸ்ஸில் இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்க வந்து, எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடப்பக்கம் வலப்பக்கம் சொல்ல ஆரம்பித்து, பிறகு விசிலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு விசில் என்றால் நிற்கணும், ரெண்டு என்றால் கிளம்பலாம். முதலில் டாக்டர் கோபப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எந்த ஸ்டாப்புல ஸ்டாப்புலயே நிறுத்தியிருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஸ்டாப்பிலேயே நிறுத்தினால் இறங்குகிறவர்களை இறங்க விடாமல் கூட்டம் படியில் ஏறிவிடும். அதனால் கொஞ்சம் தள்ளி நிறுத்துவேன். இறங்குகிறவர்கள் இறங்குவார்கள், ஏறுகிறவர்கள் ஓடி வருவார்கள். நேரத்துக்கு வருகிற பஸ் என்று எனக்குப் பெயர். ஓடி வரும் ஆட்களுக்காகக் காத்திருந்தால் அந்தப் பெயர் நிலைக்குமா?

பஸ்ஸைத் திருத்தினால்தான் ஹெலிகாப்டர் திருந்தும் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் திங்கள்கிழமையில் இருந்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பலகைக்கு நேராக, கோடு போட்டது மாதிரி நிறுத்தினேன். ஒருத்தரும் இல்லை. என் வண்டியைத் தெரிந்த ஜனம் பூராவும் ஐம்பது மீட்டர் தள்ளிப்போய்த் தயாராக நின்றுகொண்டிருந்தது. ஓர் ஊரில் டீக்கடையே அங்கே இடம் மாறியிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் பின்னோக்கி ஓடி வந்தார்கள். பால் கேன் வைத்திருந்த ஆயா ஒருவர் ஏறும்போதே, "உனக்கு என்ன கேடு வந்துச்சு? ஒழுங்கா தள்ளி நிறுத்திட்டுதானே இருந்த?" என்று கேட்டார். வாரம் முழுக்க வசவு வாங்கினேன். ஆனால் சனிக்கிழமைக்குள் கண்ணும் காலும் பழகிவிட்டன.

எங்கள் ஊர் ஸ்டாப்பில் பலகைக்கு நேராக எப்போதும் நிற்கக்கூடிய ஆள் ஒருத்திதான், அது என் மனைவி. "ஸ்டாப்பு இங்கதான் இருக்குது, நான் எதுக்கு அங்க போயி நிக்கணும்" என்பது அவள் கட்சி. ஆனால் மூன்று வருஷமாக அவள் என் பஸ்ஸில் ஏறுவதில்லை. பெண்களுக்கு இலவசம் என்ற பிறகும் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் தருமபுரி போகிறாள். அக்கா மகள் வளைகாப்புக்குப் பட்டுப் புடவை கட்டி, இரண்டு கையிலும் கட்டுச்சோறு தூக்குடன் அவள் நின்ற ஒரு காலையில் நடந்தது அது. வழக்கம்போலத் தள்ளி நிறுத்தினேன். அவள் ஓடவில்லை, நடந்து வந்தாள். எனக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கு என் கண்டக்டர் லீவு, வந்திருந்தவர் புது ஆள், அவளைத் தெரியாது. கிளம்பிவிட்டேன். சாயங்காலம் கேட்டபோது, பார்க்கவே இல்லை என்று சொன்னேன்.

மூன்றாவது பரீட்சை. ஞாயிறு மூன்று மணி, வெயில் ஜன்னலில் அடித்தது. தொப்பூர்க் கணவாய் மாதிரி வளைந்து போகும் பள்ளத்தாக்கில் தாழ்வாகப் போனேன். "லெப்ட்ல கரண்டுக் கம்பிங்ண்ணா" என்றார் கண்டக்டர். தாண்டினேன். பச்சைப் புகை தெரிந்தது. வேகத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல இறக்கி, புகைக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்தது போல வைத்தேன். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புகையில் ஒருத்தரும் இல்லை.

ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் இருந்து பாயின் குரல் வந்தது. "டிரைவரே, நீங்க பாஸாகணும்னு நாங்க இங்க வந்து நிக்கறோமே!" அவரும் இன்னொருவரும் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, டாக்டருக்குத் தெரியாமல், நான் எப்போதும் இறங்கும் இடத்தில் போய்க் காத்திருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் என்னை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். எதிரி மலை மேலிருந்து சுட ஆரம்பித்தான்.

"மூணு, நாப்பது விநாடி ஆச்சு. கிளம்புங்க" என்றார் டாக்டர்.

"மூணு, கிளம்பறேங்க" என்று திருப்பிச் சொன்னேன். ஆனால் கை நெம்புகோலைத் தூக்கவில்லை. இத்தனை வருஷமாக ஓடி வருகிறவர்களைப் பக்கக் கண்ணாடியில், விரல் அளவு பொம்மைகளாகத்தான் பார்த்திருக்கிறேன். முதல்முறையாக அவர்கள் எதிரே இருந்து, முகத்தைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப முடியவில்லை. டாக்டர் இரண்டாம் முறை சொன்னார். வாலில் குண்டு பட்டு ஏதோ சிவப்பு விளக்கு எரிந்தது. கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பாய் ஏறினார். மற்றவர் ஏறினார். அப்புறம்தான் ரெண்டு விசில் வந்தது.

நொண்டி நொண்டி முகாமுக்குக் கொண்டு வந்து சேர்த்தேன். அங்கே ஏற யாரும் இல்லை என்பதாலோ என்னவோ, இறங்குவதற்குப் போட்டிருந்த வட்டத்தைத் தாண்டி ஐம்பது மீட்டர் தள்ளித்தான் இறங்கியது. "எடம் சரி. பேச்சுக் கேக்கல. ஏன்?" என்றார் டாக்டர்.

"கண்டக்டர் விசில் குடுக்கலீங்க."

"லாரிக்கு வேற ஆளு பாக்கறேன்" என்றார் டாக்டர். குழுவே கைதட்டியது. கண்டக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

திரும்பினால் வாசற்படியில் மனைவி, கையில் இரண்டு டீ டம்ளர். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. டீயை மேஜையில் வைத்தாள். "பொம்மை ஆளுங்களுக்கு நின்னீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்டக்டர் வீட்டில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி, டீயைக் குடிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

மைக்கை அணைத்தேன். வெட்கமாக இருந்தது. "அன்னிக்கு உன்ன கண்ணாடியில பாத்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "கண்ணாடியில உங்க கண்ண நானும் பாத்தேன்." டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கள்கிழமை எங்கள் ஊர் ஸ்டாப்பில் பலகைக்கு நேராக நிறுத்தினேன். அவள் இல்லை. ஏற வேண்டியவர்கள் எல்லாரும் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். கண்டக்டர் எதற்கு என்று கேட்கவில்லை, விசிலும் கொடுக்கவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை பின்னால் இருந்து யாரோ சத்தம் போட்டார்கள். நேரத்துக்கு வரும் பஸ் என்ற பெயர் அந்த வாரத்தோடு போனது.

வியாழக்கிழமை ஒரு கூடையோடு பலகைக்கு நேராக நின்றிருந்தாள். அவசரப்படாமல் முன்படியில் ஏறி, என்ஜினை ஒட்டிய ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசிலைக் கீழே இறக்கிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் கியரில் கை வைத்தபடி காத்திருந்தேன்.

"போலாம்" என்றாள்.

"போலாம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.